கண்டாங்கி விற்கும் தளம் சட்டென்று திறக்க எதற்கு முதலில் செலவு செய்வது?

காரைக்குடி வட்டாரத்தில் இணையக் கடை வைத்திருப்பவர்கள் இப்போது கணிசமான பேர். கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி டைல்ஸ், பனையோலைக் கொட்டான், தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று எல்லாமே போனில் ஆர்டராகின்றன. கடைக்காரர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: தளம் திறக்க நேரமாகிறது. அதற்கு வைத்தியம் சொல்கிறவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். படத்தைச் சுருக்கு, கேஷ் பிளகின் (பக்கத்தை முன்கூட்டியே செய்து வைக்கும் துணை நிரல்) போடு, ஹோஸ்டிங்கை (தளம் குடியிருக்கும் வாடகை சர்வரை) மாற்று, சி.டி.என். (படங்களின் பிரதியைப் பல ஊர்களில் வைத்து, பக்கத்து ஊரிலிருந்து அனுப்பும் சேவை) சேர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஷாப்பிஃபை என்ற வாடகைக் கடைத் தளத்துக்குப் போ. ஐந்துமே வேகம் தரக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் சரிசெய்யும் இடம் வேறு. கோளாறு ஓர் இடத்தில் இருக்க, பணத்தை வேறோர் இடத்தில் போட்டால் கடை அப்படியேதான் கிடக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் வூகாமர்ஸ் பிளகினில் ஓடும் நம் பக்கத்துச் சிறு கடைக்கு முதலில் படம், அடுத்து சர்வர். சி.டி.என். தேவையா என்பது வாங்குகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கடையையே வேறு தளத்துக்கு மாற்றுவது கடைசி.

எதை வைத்து ஒப்பிடுவது

கூகுள் மூன்று அளவுகள் வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும், இது எல்.சி.பி. தொட்டதும் 200 மில்லிசெகண்டுக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும், இது ஐ.என்.பி., 2024 மார்ச்சில் பழைய எஃப்.ஐ.டி. அளவுக்குப் பதிலாக வந்தது. மூன்றாவது சி.எல்.எஸ்., ஏற்றம் நடக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது, 0.1-க்குள் இருக்க வேண்டும். இவை சராசரிக் கணக்கு அல்ல. வருகைகளில் நூற்றுக்கு 75 இந்த வரம்புக்குள் இருந்தால்தான் தேர்ச்சி.

கூகுளின் வேகச் சோதனைப் பக்கமான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் தெரியும் வண்ண மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒரு நடுத்தர போனையும், நொடிக்கு 1.6 மெகாபிட் ஓடும் மெதுவான 4ஜி-யையும் பாவித்துச் செய்யும் சோதனை. அதற்கு மேலே, கடைசி 28 நாளில் உண்மையான ஆட்கள் பார்த்த அனுபவம் தனியாக வரும். ஒப்பிட வேண்டியது அதைத்தான். வருகை குறைவான கடைக்கு அந்தப் பகுதி காலியாக இருக்கும். அப்போது சோதனை எண்ணை வைத்துக்கொண்டு, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் பாருங்கள்.

படம்: இங்கேதான் காசுக்கு முழுப் பலன்

போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் சாதாரணமாக 4000 புள்ளி அகலமும் மூன்று நான்கு எம்.பி. எடையும் இருக்கும். பார்க்கிறவர் போன் திரையின் அகலம் 1080 புள்ளியைச் சுற்றித்தான். மேலே சொன்ன 1.6 மெகாபிட் வேகத்தில் 4 எம்.பி. படம் ஒன்று இறங்க 20 நொடி. அதையே 1200 புள்ளி அகலத்துக்கு வெட்டி 150 கே.பி. ஆக்கினால் முக்கால் நொடி. வேறு எந்த வைத்தியமும் இந்த வித்தியாசத்தைத் தராது, இதற்குச் செலவும் கிடையாது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

சரி, எந்த வடிவில் சேமிப்பது? ஜேபெக் (JPEG), வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF) மூன்றும் களத்தில் இருக்கின்றன. "வெப்பி போடுங்கள், முடிந்தது" என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பலகாரக் கடைக்கு அது சரியான பதில். முறுக்கும் அதிரசமும் பழுப்பும் பொன்னிறமுமாக இருப்பவை. வெப்பியில் நன்றாகச் சுருங்கும், கண்ணுக்கு எதுவும் குறையாது. வேர்ட்பிரஸ் 2021-ல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே அதை ஏற்கிறது.

சேலைக் கடைக்கு அந்தப் பதில் போதாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கியின் அழகே கட்டத்திலும் கரையிலும்தான் இருக்கிறது. அரக்குக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள், அதற்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. வெப்பியின் இழப்புச் சுருக்கம் வெளிச்ச விவரத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிற விவரத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்துவிடும். தரத்தை எவ்வளவு கூட்டி வைத்தாலும் இது மாறாது. முகம், வானம், தோட்டம் போன்ற படங்களில் இது தெரியாது. அரக்கும் மஞ்சளும் முட்டும் மெல்லிய கோட்டில் தெரியும்: சிவப்பு கசிந்து, கட்டம் மங்கி, புதுச் சேலை பழசுபோல் இருக்கும். சேலை வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஆத்தங்குடி டைல்ஸ் படத்துக்கும் இதே சிக்கல் உண்டு, பூவேலையின் சிவப்பும் பச்சையும் சந்திக்கும் ஓரங்களில்.

ஏவிஃபிலும் ஜேபெக்கிலும் நிறத்தைக் குறைக்காமல் வைக்க வழி இருக்கிறது. சேமிக்கும்போது 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜேபெக்கில் அப்படிச் செய்தால் எடை கூடிவிடும். ஏவிஃபில் அப்போதும் எடை கட்டுக்குள் நிற்கும். ஆகவே சேலைக்கும் டைல்ஸுக்கும் என் ஓட்டு ஏவிஃபுக்கு. குரோமில் 2020 முதலும் சஃபாரியில் 2022 முதலும் அது திறக்கிறது. பழைய ஐபோன் வைத்திருப்பவருக்காக ஒரு ஜேபெக் பிரதியைப் பின்னால் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. ஏவிஃபாக மாற்றுவது சர்வருக்குப் பெரிய சுமை. மலிவு ஹோஸ்டிங்கில் பிளகினிடம் விட்டால் அது நாள் முழுக்கத் திணறும். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே ஓடும். உங்கள் கணினியில் மாற்றிப் பிறகு ஏற்றுங்கள், வேர்ட்பிரஸ் 6.5 முதல் ஏவிஃபை நேரடியாக ஏற்கிறது. அப்புறம், வேர்ட்பிரஸ் தானாக வெட்டிக்கொள்ளும் சிறு அளவுகளுக்கு நீங்கள் வைத்த 4:4:4 தொடராமல் போகலாம். பட்டியலில் வரும் சிறு படத்துக்கு அது பரவாயில்லை. கரையும் முந்தானையும் தெரியும் நெருக்கப் படத்தை மட்டும் ஏற்றிய அளவிலேயே காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பற்றி இன்னும் ஒன்று. கீழே இருக்கும் படங்களைத் தாமதமாக ஏற்றும் வசதி நல்லது. அதே வசதியை முகப்பின் முதல் படத்துக்கும் போட்டுவிடும் பிளகின்கள் இருக்கின்றன, அப்போது எல்.சி.பி. மோசமாகும். முதல் படத்தை முந்தி இறக்கச் சொல்லும் குறிப்பை வேர்ட்பிரஸ் 6.3 தானே சேர்க்கிறது. பிளகின் அதைக் கெடுக்கிறதா என்று பாருங்கள். முகப்பில் ஐந்து படம் சுழலும் ஸ்லைடர் இருந்தால் எடுத்துவிடுங்கள்; ஒரு நல்ல படம் போதும்.

கேஷ் பிளகினா, நல்ல ஹோஸ்டிங்கா

கேஷ் இல்லாத வூகாமர்ஸ் பக்கம், ஆள் வந்த பிறகு மாவு பிசைந்து தேன்குழல் பிழிவது மாதிரி. கேஷ் இருந்தால் ஏற்கனவே சுட்டு டின்னில் அடைத்ததை எடுத்துக் கொடுப்பது. முகப்பு, பொருள் பட்டியல், பொருள் பக்கம் மூன்றுக்கும் இது பெரிய வேகம் தரும். சர்வரின் முதல் பதில் 0.8 நொடிக்குள் வர வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. மலிவு ஹோஸ்டிங்கில்கூட கேஷ் இருந்தால் அதை எட்டலாம்.

ஆனால் கூடை, செக்அவுட், என் கணக்கு ஆகிய பக்கங்களை யாராலும் முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. ஒவ்வொருவர் கூடையும் வேறு வேறு. அதோடு, ஒருவர் கூடையில் ஒரு பொருளைப் போட்டதும் வூகாமர்ஸ் அவர் பிரவுசரில் குக்கீ என்ற சிறு அடையாளக் குறிப்பை வைக்கும். பல கேஷ் அமைப்புகள் அந்தக் குக்கீயைக் கண்டதும் ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவர் பார்க்கும் பொருள் பக்கங்களும் புதிதாகச் செய்யப்பட்டே வரும். அதாவது வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கடை வேகமாக இருக்கிறது, வாங்க வந்தவருக்கு மெதுவாக இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம். கடைக்காரர் சோதித்துப் பார்ப்பதோ பெரும்பாலும் காலிக் கூடையோடுதான்.

அதனால் உங்கள் போனில் மறைநிலை ஜன்னல் திறந்து, ஒரு டின் மனகோலத்தைக் கூடையில் போட்டு, பிறகு பக்கம் பக்கமாக நடந்து பாருங்கள். அங்கே மெதுவானால் கேஷ் பிளகினை மாற்றி மாற்றிப் பயனில்லை. சர்வருக்குத்தான் பலம் வேண்டும்: போதுமான பி.எச்.பி. வேலையாட்கள் (ஒரே நேரத்தில் பக்கம் செய்து தரும் நிரல்கள்), வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பி.எச்.பி.-யின் புதிய பதிப்பு, ரெடிஸ் போன்ற ஆப்ஜெக்ட் கேஷ் (தரவுத்தளத்தில் தேடி எடுத்ததை நினைவில் வைத்துக்கொள்வது). மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் இவை பெரும்பாலும் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே நேரத்தில் பலர் செக்அவுட்டில் நிற்கும்போது தளம் படுத்துவிடுவதும் இதனால்தான். பலகாரக் கடைக்கு அந்த ஒரு வாரம்தான் சீசன். பகிர்வு ஹோஸ்டிங்கிலிருந்து தனி வி.பி.எஸ்.-க்கு (உங்களுக்கென்று ஒதுக்கிய சர்வர் பங்குக்கு) மாறும் செலவை நான் தயங்காமல் ஆதரிப்பேன். பராமரிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்.

மாறும்போது சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேளுங்கள். புதிய இணைப்பு ஒன்றுக்கு போனும் சர்வரும் தொடர்பு கொள்ள (டி.சி.பி.) போய்வர ஒரு சுற்று, பூட்டுப் போட்டுப் பாதுகாக்க (டி.எல்.எஸ்.) ஒரு சுற்று, பக்கம் கேட்டுப் பெற இன்னொரு சுற்று. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் இங்கிருந்து ஒரு சுற்றே 200 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒரு எழுத்து வருவதற்குள் அரை நொடிக்கு மேல் போய்விடும். மும்பையில் இருந்தால் ஒரு சுற்று சில பத்து மில்லிசெகண்ட்தான். சர்வர் எவ்வளவு பலமாக இருந்தாலும் இந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது.

சி.டி.என். யாருக்கு

வாங்குகிறவர்கள் மதுரை, திருச்சி, சென்னை, பெங்களூரு என்று இருந்து, சர்வரும் இந்தியாவில் இருந்தால் சி.டி.என். தரும் கூடுதல் வேகம் கொஞ்சம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் உறவுகள் கல்யாணத்துக்கும் சஷ்டியப்த பூர்த்திக்கும் ஆர்டர் போடுகிறார்கள் என்றால் கதை வேறு. படங்கள் அவர்கள் ஊரிலிருந்தே போகும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிரபல சி.டி.என். சேவையான கிளவுட்ஃபிளேரைச் சேர்த்ததும் அது படம், சி.எஸ்.எஸ்., ஸ்கிரிப்ட் ஆகியவற்றை மட்டும்தான் சேமித்து வைக்கும், எச்.டி.எம்.எல். பக்கத்தை, நீங்கள் தனியாகச் சொன்னால் தவிர, தொடாது. மெதுவான சர்வர் அதன் பின்னாலும் மெதுவாகவே இருக்கும். அது எந்த ஊரிலிருந்து பதில் சொல்கிறது என்றும் பார்க்கலாம். சர்வர் பதிலின் தலைப்புக் குறிப்புகளில் வரும் சி.எஃப்.-ரே (cf-ray) என்ற வரியின் கடைசி மூன்று எழுத்து விமான நிலையக் குறியீடு: எம்.ஏ.ஏ. என்றால் சென்னை, எஸ்.ஐ.என். என்றால் சிங்கப்பூர். உங்கள் போனுக்கு வெளிநாட்டுக் குறியீடு வந்தால், அந்த நெட்வொர்க்கில் சி.டி.என். தூரத்தைக் கூட்டியிருக்கிறது.

ஷாப்பிஃபை

சர்வர், சி.டி.என்., பட வடிவம் மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், தீபாவளிக் கூட்டத்தையும் தாங்கும். கடையில் கணினி பார்க்க ஆளே இல்லை என்றால் இது நேர்மையான பதில். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி இந்தியக் கடைகளுக்கு இல்லாததால், அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் 2% அதற்குப் போகும். பேமென்ட் கேட்வே கட்டணம் தனி. பலகாரத்தின் லாபத்தில் அந்த 2% சின்னத் தொகை அல்ல. படத்தை எந்த வடிவில் அனுப்புவது என்பதை அதுவே முடிவு செய்வதால், சேலைக் கரைக்காக மேலே சொன்ன நுணுக்கத்தை உங்கள் விருப்பப்படி செய்ய முடியாது. அப்புறம், அங்கேயும் ஆப் மேல் ஆப் சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்கிரிப்டை இழுத்து வரும், ஐ.என்.பி. கெடும்.

இந்த ஸ்கிரிப்ட் சுமை இரு பக்கத்துக்கும் பொது. வாட்ஸ்அப் பொத்தானுக்கு ஒரு பிளகின் வேண்டியதில்லை, ஒரு சாதாரண இணைப்பு போதும். டைல்ஸ் கடைக்காரர்கள் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றும் யூடியூப் காணொளியை முகப்பில் வைக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான், ஆனால் முதலில் ஒரு படம் மட்டும் தெரிந்து, தொட்ட பிறகு காணொளி இறங்கும்படி வையுங்கள். தமிழ் எழுத்துக்கு அலங்கார ஃபான்ட் இறக்கும் தளங்களும் உண்டு. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தமிழ் ஃபான்ட் உள்ளேயே இருக்கிறது. உடல் எழுத்துக்கு அதையே பயன்படுத்தினால் இறக்க எதுவுமில்லை.

கடை மாறுவதுதான் சரி என்று முடிவு செய்துவிட்டால், தீபாவளி முடிந்த பிறகு மாறுங்கள். வூகாமர்ஸிலும் ஷாப்பிஃபையிலும் பொருள் பக்கங்களின் முகவரி அமைப்பு வேறு வேறு. பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்கு 301 வழிமாற்றம் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) செய்யாவிட்டால், வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய லிங்க் எதுவும் திறக்காது, கூகுளில் சேர்த்த இடமும் போய்விடும். மாறிய பிறகு 28 நாள் காத்திருந்து எண்ணைப் பாருங்கள். அதற்கு முன் வரும் கணக்கில் பழைய கடையின் நாட்களும் கலந்திருக்கும்.