இரண்டாவது காராக ஒரு பழைய பிஎம்டபிள்யூ இ46: எது இருந்தால் வாங்கலாம், எது இருந்தால் விட்டுவிட வேண்டும்

குறைந்த விலையில் பின்சக்கர இயக்கக் கார் தேடுகிறவர்கள் கடைசியில் நான்கைந்து வண்டிகளில்தான் வந்து நிற்கிறார்கள். மஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை லெக்சஸ் ஐஎஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ். வார இறுதியில் மட்டும் ஓட்டுவதற்கென்றால் எம்எக்ஸ்-5க்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முதல் கார் பட்டறையில் கிடக்கும் நாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டும், ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஓட்டுகிற சுகமும் வேண்டும் என்றால், 1998 முதல் 2006 வரை வந்த 3 சீரிஸ் தலைமுறையான இ46தான் இன்றும் முதல் பரிந்துரை. ஐந்து பேர் உட்காரலாம், டிக்கி பெரியது, உதிரிபாகம் ஏராளமாகக் கிடைக்கிறது, பெரும்பாலான வேலைகளைச் சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்தே முடித்துவிடலாம். முன்னும் பின்னும் எடை ஏறக்குறைய சரிபாதி என்பதால், அவசரமே இல்லாத ஒரு வளைவில்கூட வண்டி எவ்வளவு இயல்பாகத் திரும்புகிறது என்பது தெரியும்.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பமே வேண்டாம். 2000க்குப் பிறகு வந்த, எம்54 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள வண்டியைத் தேடுங்கள். 320ஐ என்றால் 170 குதிரைத்திறன், 325ஐ 192, 330ஐ 231. தினசரி ஓட்டத்துக்கு 325ஐ போதும். டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். அது பெரிதாகத் தொல்லை கொடுப்பதில்லை. 2001இல் வந்த என்42 நான்கு சிலிண்டர் எஞ்சின் அப்படியல்ல. சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் உடைகின்றன, வால்வு சீல்கள் கடினமாகி நீலப்புகை வருகிறது. விலை குறைவு என்பதற்காக அந்த எஞ்சின் உள்ள 318ஐ பக்கம் போனால், மிச்சம் பிடித்த பணம் முதல் எஞ்சின் வேலையிலேயே போய்விடும். இன்னொன்று: 325எக்ஸ்ஐ, 330எக்ஸ்ஐ ஆகியவை நான்கு சக்கர இயக்கம். விளம்பரத்தில் அந்த 'எக்ஸ்' எழுத்தைக் கவனியுங்கள்.

வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது எஞ்சின் அல்ல, பின்பக்கத் தரைத்தகடு. பின் சக்கரங்களின் அமைப்பைத் தாங்கும் சட்டமான பின் சப்ஃப்ரேம் நான்கு இடங்களில் புஷ் எனப்படும் ரப்பர் உறைகள் வழியாக வண்டியின் தகட்டில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை கிளட்சை விடும்போதும் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் முறுக்கும் விசை முழுவதும் அந்த மெல்லிய தகட்டில்தான் இறங்குகிறது. வருடங்கள் போகப் போக ஸ்பாட் வெல்டுகள் விட்டுப்போகும், போல்ட்டைச் சுற்றி விரிசல் விழும். ஆரம்ப வருடத்து வண்டிகளில் இது அதிகம், ஆனால் பிந்தைய வண்டிகளும் தப்பவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, நான்கு இடங்களையும் கம்பி பிரஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் வளையமாக உரிந்திருப்பது, தகடு லேசாக உப்பியிருப்பது, மற்ற இடமெல்லாம் பழையதாக இருக்க அங்கு மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு இருப்பது, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஓட்டிப் பார்க்கும்போது ரிவர்சுக்கும் முதல் கியருக்கும் மாற்றி மாற்றி கிளட்சை விடும்போது பின்னாலிருந்து தகரம் தட்டுவது போல் ஓசை வந்தாலும் அப்படியே.

சரிசெய்ய சப்ஃப்ரேமைக் கீழே இறக்கி, விரிசலின் முனையில் துளையிட்டு, வெல்டு வைத்து, நான்கு இடத்துக்கும் வலுவூட்டும் தகடு பதிக்க வேண்டும். விரிசல் விழும் முன்பே இதைச் செய்து, ரசீதும் படமும் வைத்திருக்கும் வண்டி கிடைத்தால் அதற்குக் கூடுதல் விலை தரத் தயங்காதீர்கள். விரிசல் பரவியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது கூலிங் சிஸ்டம். கூலன்ட் நிரப்பும் எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் உறை, ஹோஸ்களின் இணைப்பு முனைகள் எல்லாம் பிளாஸ்டிக். தெர்மோஸ்டாட் 97 டிகிரியில் திறக்கும் வகை. இவ்வளவு சூட்டிலேயே எப்போதும் ஓடுவதால் பிளாஸ்டிக் காய்ந்து, ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் பிளக்கிறது. அதைவிட ஆபத்தானது டாஷ்போர்டில் இருக்கும் வெப்பநிலை முள். ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 110 டிகிரியைத் தாண்டும் வரை அது நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முள் நகர்ந்ததைப் பார்த்து வண்டியை நிறுத்துவதற்குள் அலுமினிய ஹெட் கோணியிருக்கும், பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரை உருவிக்கொண்டு வந்திருக்கும். அதனால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஒரு மலிவான ஓபிடி கருவியை மாட்டி உண்மையான வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டிப் பாருங்கள். நெரிசலில் நின்றாலும் 100ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இந்தத் தொகுதி முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதே சரி: எக்ஸ்பான்ஷன் டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், உலோகச் சுழலி உள்ள வாட்டர் பம்ப், கீழ் ஹோஸில் இருக்கும் சென்சாரின் ஓ-ரிங். பெல்ட்டுகளை எப்படியும் கழற்றுவதால் டென்ஷனரையும் ஐட்லர் புல்லியையும் சேர்த்து மாற்றுங்கள். முன்பு இருந்தவர் மாற்றியதாக வாய்மொழியாகச் சொன்னால் போதாது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. நீலக் கூலன்ட்டும் வடிநீரும் பாதிப்பாதி, மொத்தம் 8.4 லிட்டர் அளவில். நிரப்பும்போது இக்னிஷனை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், ஹீட்டரை முழுச் சூட்டிலும் காற்றாடியைக் குறைந்த வேகத்திலும் வைத்து, பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து மெதுவாக ஊற்ற வேண்டும். குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்போதுதான் ஸ்க்ரூவை மூட வேண்டும். அவசரப்பட்டால் காற்று அடைத்துக்கொள்ளும், புதுப் பம்ப் போட்டும் வண்டி கொதிக்கும்.

ஆயில் மூடியின் அடியில் மஞ்சளான நுரை இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று பயப்பட வேண்டாம். குறுகிய தூரமே ஓடிய வண்டிகளில் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வில் நீராவி படிந்தும் அப்படி ஆகும். கூலன்ட்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலக்கிறதா என்று நிறம் மாறும் திரவத்தை வைத்துச் சோதித்தால் ஐயம் தீரும். அந்த வால்வின் சவ்வு கிழிந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கும், ஐட்லிங் தடுமாறும். வால்வை ஹோஸ்களோடு சேர்த்து மாற்ற வேண்டும்; இன்டேக்குக்கு அடியில் மறைந்திருப்பதால் பொருளைவிடக் கூலிதான் அதிகம். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் உறையின் கேஸ்கெட் இரண்டும் கசியாத வண்டி அரிது. இரண்டாவது கேஸ்கெட்டின் கசிவு பெல்ட்டில் வழிவதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்டேக் காற்றின் பாதையை மாற்றும் டிசா வால்வைக் கட்டாயம் கழற்றிப் பாருங்கள். இன்டேக்கின் பக்கவாட்டில் இரண்டே ஸ்க்ரூ. மடல் ஆடினாலோ அதன் ஊசி தளர்ந்திருந்தாலோ உடனே மாற்ற வேண்டும், ஏனெனில் உடைந்த துண்டு நேராகச் சிலிண்டருக்குள் போகும். குறைந்த சுழற்சியில் வண்டி சோம்பலாக இழுத்தால் வால்வுகளின் நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பின் சீல்கள் கடினமாகியிருக்கலாம்; சீல் செட் மலிவு, பொறுமைதான் வேண்டும். ஆயில் 6.5 லிட்டர். தயாரிப்பாளர் தந்த நீண்ட இடைவெளியை மறந்துவிட்டு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பின்சக்கர இயக்கத்துக்கே உரிய தேய்மானங்களையும் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டு அழுத்தும்போது நடுவில் 'டங்க்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் இணைப்பு வெடித்திருக்கலாம். கிளம்பும்போது இருக்கைக்கு அடியில் அதிர்வு வந்தால் நடு பேரிங்கைப் பாருங்கள். வேகத்தில் பின்பக்கம் தானாக அலைந்து, பின் டயர்களின் உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் டிரெய்லிங் ஆர்ம் புஷ். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்பு முன்சக்கரக் கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷைச் சோதியுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கும் என்ற பயம் பாதி உண்மை. நான்கு டயரும் ஒரே தரமாக, போதிய பள்ளத்தோடு இருந்து, வழுக்கலைத் தடுக்கும் டிஎஸ்சி அமைப்பு வேலை செய்தால் சாதாரண ஓட்டத்தில் பயம் தேவையில்லை. டிஎஸ்சியின் மஞ்சள் விளக்கு எரிகிற வண்டியைக் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள்.

மேனுவல் கியர்பாக்ஸ் கிடைத்தால் அதுவே நல்லது. ஆட்டோமேட்டிக்கில் ரிவர்ஸ் தாமதமாகப் பிடித்தால் விலகிவிடுங்கள். மற்ற சில்லறைத் தொல்லைகள், ஜன்னல் கண்ணாடி ரெகுலேட்டர் அறுவது, பின் விளக்கின் எர்த் வயர் கருகுவது, கூரைத் துணி தொங்குவது, எல்லாம் பேரம் பேச உதவும், வாங்காமல் இருக்கக் காரணமல்ல. ஏசி காற்றாடியின் வேகம் தாறுமாறாக மாறினால் மட்டும் அதன் ரெசிஸ்டரை உடனே மாற்றுங்கள். பழுதான ரெசிஸ்டர் வண்டி நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சும். நாலு நாளைக்கு ஒருமுறை எடுக்கும் இரண்டாவது காருக்கு அது பெரும் தலைவலி.

விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, அரைமணி நேரம் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டி, பிறகு லிஃப்டில் ஏற்றுங்கள். வண்டியின் விலைக்கு மேல் கூலிங், புஷ், கேஸ்கெட், டயருக்கென்று அதில் பாதியாவது தனியாக வைத்திருந்தால்தான் இதில் இறங்கலாம். அவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு லெக்சஸ் ஐஎஸ் பொருந்தும்: இழுவை குறைவு, பெட்ரோல் செலவு அதிகம், டைமிங் பெல்ட்டை நேரத்தில் மாற்ற வேண்டும், மற்றபடி பிடிவாதமான உழைப்பாளி. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் அடுத்த தலைமுறை இ90இல் என்52 எஞ்சின் உள்ளதைப் பாருங்கள். அதன் மின்சார வாட்டர் பம்ப் முன்னறிவிப்பின்றி நிற்கும் குணமுள்ளது, அதையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரு லட்சம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.