வேப்பேரி வெட்னரி ஆஸ்பத்திரி: தெரு நாயைத் தத்தெடுத்தவர்களுக்கு என் சிபாரிசு

வடசென்னையில் தெரு நாயை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது வேப்பேரி வெட்னரி ஆஸ்பத்திரியைத்தான். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. கொருக்குப்பேட்டையிலிருந்து நாங்கள் இரண்டு நாய்களை அங்கே கூட்டிப் போயிருக்கிறோம். கறுப்பி பல வருஷம் எங்களோடு இருந்துவிட்டுப் போய்விட்டது, செவலை இப்போதும் இருக்கிறான். இரண்டுமே தெருவிலிருந்து வந்தவை. அங்கே சீட்டு போடும் இடத்திலிருந்து டாக்டர் வரைக்கும் யாரும் "தெரு நாயா?" என்று இளப்பமாகக் கேட்டதில்லை. 'நாட்டு இனம்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஜாதி நாய் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் தெருவில் கறுப்பிக்கு மருந்து வாங்கி வரும்போதெல்லாம் "இதுக்குப் போயா இவ்ளோ செலவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அதனால் எனக்குப் பெரிய விஷயம்.

கல்லூரி 1903ல் சைதாப்பேட்டையில் டோபின் ஹால் என்ற கட்டடத்தில் ஆரம்பித்து அப்புறம் வேப்பேரிக்கு வந்தது. படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கிற ஆஸ்பத்திரி என்பதால் முதலில் ஒரு மாணவர் வந்து விவரமெல்லாம் கேட்டு எழுதுவார், பிறகு பெரிய டாக்டர் வருவார். சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் அவசரப்படாமல் கேட்கிறார்கள், நாயைத் தரையில் உட்கார்ந்து தொட்டுப் பார்க்கிறார்கள்.

கறுப்பி 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் படிக்கட்டில் வந்து ஏறிக்கொண்டது. வளர்ந்த பெட்டை நாய், காதில் கார்ப்பரேஷன் கருத்தடை செய்த வெட்டு இல்லை, பின்பக்கம் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. பருவத்துக்கு வந்திருக்கிறது என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள், ஆனால் நாள் போகப் போக நிற்கவில்லை. வேப்பேரியில் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், டிவிடி (TVT) என்கிற கட்டி. இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்கிற புற்றுநோய் அது, பூக்கோஸ் மாதிரி பிளந்து பிளந்து இருக்கும். புற்றுநோய் என்றதும் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டு, "அழாதீங்கம்மா, இது குணமாகிற வகை" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு தடவை நரம்பில் ஏற்றுவார்கள், ஒவ்வொரு தடவையும் முன்னாடி ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரத்தில் கட்டி கரைந்துவிடும், கறுப்பிக்கும் கரைந்தது. தெருவில் ரத்தம் சொட்டச் சொட்டத் திரிகிற பெட்டை நாயைப் பார்த்தால் கல்லை எடுக்காமல் யாராவது அதை அங்கே கொண்டு போனால் போதும், அதற்குப் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இதை எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு விவரம்.

உடம்பு சீக்கிரம் தேறிவிட்டது, மனசுதான் நேரம் எடுத்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கறுப்பி சாப்பிடாது. விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், அதனால் அது வெளியே போன நேரம் பார்த்துத்தான் அம்மா வீடு பெருக்குவார். ஒருநாள் அம்மா பெருக்கிக்கொண்டிருக்கும்போதே நடுவீட்டில் படுத்துக் கிடந்தது, எழுந்திருக்கவே இல்லை, அம்மா அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டு எனக்கு ஆபீசுக்கு போன் போட்டுச் சொன்னார். குட்டியிலிருந்து வளர்த்த நாயும் பாசமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அடிபட்டு வந்த நாய் நம்மை நம்ப முடிவெடுக்கிற நாள் வேறு, அதை நான் என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய விஷயங்களில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.

கடைசியில் சிறுநீரகம். நிறையத் தண்ணீர் குடித்தது, நிறைய மூத்திரம் போனது, காசிமேட்டிலிருந்து கிழங்கான் மீன் வாங்கி அவித்துக் கொடுத்தால்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது, வாயில் ஒரு மாதிரி நெடி. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தது. டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார்: சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகுதான் அந்த எண்ணே ஏற ஆரம்பிக்கும், அதனால் வெளியே தெரியும்போது நோய் ரொம்ப தூரம் வந்திருக்கும். நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிற வசதி அங்கே உண்டு. ஆனால் எலிக்காய்ச்சல் மாதிரி திடீரென்று வந்து சிறுநீரகம் செயலிழந்தால்தான் அது நன்றாகக் கைகொடுக்கும், வயதாகிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோன சிறுநீரகத்தைத் திருப்பிக் கொண்டுவராது என்று நேராகவே சொன்னார். பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை, அதே சமயம் "இனிமே ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்றும் விடவில்லை. பாஸ்பரஸ் குறைவான சாப்பாடு, வாந்திக்கு மருந்து, அப்புறம் தோலுக்கு அடியில் சலைன் ஏற்றுவது. கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, கறுப்பி தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே ஏற்றுவார், அதுவும் அசையாது.

தத்தெடுத்த நாயில் இன்னொரு கஷ்டம், வயசு தெரியாது. நமக்கு எத்தனை வருஷம் மிச்சம் என்ற கணக்கே இல்லாமல்தான் ஆரம்பிக்கிறோம். பல்லைப் பார்த்துச் சொல்வது ஓர் உத்தேசம்தான், வயது ஏற ஏற அதுவும் தப்பிப் போகும்.

சலைனும் உடம்பில் நிற்காத நிலை வந்தபோது, ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைக்கிற முடிவை எடுக்க வேண்டியதாயிற்று. இதைப்பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எங்கள் ஏரியாவில் இருக்கிற ஒரு டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாம் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். முதலில் மயக்க ஊசி, நாய் தூங்கிவிடும், அதற்கு வலி தெரியாது. அதற்குப் பிறகுதான் இதயத்தை நிறுத்துகிற இரண்டாவது ஊசி, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கண் மூடாது, திறந்தே இருக்கும். உயிர் போன பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், மூத்திரம் போகலாம். இதையெல்லாம் டாக்டர் முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லியிருந்தார், அதனால் அந்தப் பெருமூச்சு வந்தபோது நாங்கள் பதறவில்லை. உங்கள் டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். கூட இருக்க முடிந்தால் இருங்கள். நாய் மயங்கும்வரை அது தேடுவது நம்மைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் குறை. இறந்த செல்லப்பிராணியை எடுத்துப் போகிற ஒரு தனியார் சேவையைக் கூப்பிட்டோம். மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு இருட்டிய பிறகு வந்தார்கள், பேசிய தொகைக்கு மேல் மாடிப்படிக்கு என்று தனியாகக் கேட்டார்கள், கறுப்பியை எங்கள் கண் முன்னாடியே சாக்கில் போட்டார்கள். அம்மா தன் பழைய புடவையை எடுத்து வந்து, "இதுல சுத்துங்கப்பா" என்று கேட்டு வாங்கிச் சுற்றிக் கொடுத்தார். ஒண்டுக் குடித்தனமும் சிமெண்டுத் தரையும் இருக்கிற எங்கள் பக்கத்தில் புதைக்க ஒரு முழம் மண் கிடையாது. பூக்கடை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கே இருப்பவர்களும் நாய் நோயில் கிடக்கும்போதே, மனசு ஒப்பாவிட்டாலும், யாரைக் கூப்பிடுவது, என்ன ஆகும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களால் பேரம் பேச முடியாது.

இனிமேல் நாயே வேண்டாம் என்று அம்மா உறுதியாக இருந்தார். சலைன் பாட்டில் கட்டிய கயிற்றை ஜன்னலிலிருந்து அவிழ்க்க விடவில்லை. 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும் தண்ணீர் ஏறியபோது, காது, கழுத்து, கால்விரல் இடுக்கு என்று எல்லா இடத்திலும் உண்ணி மொய்க்க ஓர் இளம் நாய் பக்கத்து வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடந்தது. கறுப்பியின் தட்டை எடுத்துச் சோறு போட்டவர் அம்மாதான், என்னிடம் கேட்கவே இல்லை. செவலை அப்படித்தான் வந்தான். கறுப்பிக்கு நடந்ததை எல்லாம் தெரிந்துகொண்டே இன்னொன்றைச் சேர்ப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே "நாளைக்கு வேப்பேரிக்கு ஆட்டோ சொல்லு" என்றார்.

உண்ணிக் காய்ச்சல்தான். மூக்கில் ரத்தம் வந்தது, ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) ரொம்பக் குறைந்திருந்தது. வேப்பேரியில் நாய்களுக்கென்று ரத்த வங்கி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ஏற்ற வேண்டி வரலாம் என்று சொல்லி வைத்தார்கள், செவலைக்கு நல்ல வேளையாக அது இல்லாமலே தேறிவிட்டது. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள். நாய் நாலைந்து நாளிலேயே குதிக்க ஆரம்பிக்கும், அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று விவரம் எழுதிய மாணவர் மூன்று முறை சொல்லி அனுப்பினார். உண்ணி சுவர் விரிசலில் முட்டை போடும், அதனால் நாய்க்கு மட்டும் மருந்து அடித்தால் பத்தாது, வீட்டையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிற நம் தெருக்களில் எலி மூத்திரத்தால் பரவுகிற எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போடச் சொன்னார்கள். வெறிநாய்க்கடி ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், வெளியூரிலிருந்தும் நாய், பூனை, ஆடு என்று வருகிறார்கள், கூட்டம் இருக்கும், நாள் முழுக்க ஆகலாம் என்று நினைத்தே கிளம்புங்கள். பழைய சீட்டுகளை ஒரே பையில் வைத்திருங்கள். தண்ணீருக்கு ஒரு கிண்ணம், ஆட்டோ சீட்டில் விரிக்க ஒரு பழைய போர்வை. போர்வையைக் காட்டினால் தயங்குகிற ஆட்டோக்காரர்கூட ஒப்புக்கொள்வார். எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் வாய்க்கட்டு எடுத்துப் போங்கள், வலியில் இருக்கிற நாய் கடிக்கும், ஊசி போட வருபவர் பெரும்பாலும் இருபது வயசுப் பிள்ளை.