பாலிஷுக்கும் சீலன்ட்டுக்கும் நடுவில் எதைப் போட்டுத் துடைப்பது?

போன வருஷம் என் கருப்பு காரை ஒரு கடையில் பாலிஷுக்கு விட்டேன். எடுக்கப் போனபோது பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருந்தது, ஒரு கோடு கூட இல்லை. இரண்டு வாட்டர் வாஷ் ஆனதும் சிலந்தி வலை மாதிரி அத்தனை கோடுகளும் திரும்பி வந்தன. கோடுகள் போகவே இல்லை, பாலிஷில் இருக்கும் எண்ணெய் அந்தப் பள்ளங்களில் இறங்கி மறைத்திருந்தது, அவ்வளவுதான். அதைத் துடைக்காமலே மேலே சீலன்ட், அதாவது பெயிண்டைக் காக்கும் மேல்பூச்சு, பூசியிருக்கிறார்கள், அதனால் சீலன்ட்டும் பெயிண்டைப் பிடிக்காமல் எண்ணெயோடு சேர்ந்து கழன்று போனது. அன்றிலிருந்து வேலையை வீட்டு வாசலில் நானே செய்கிறேன், இந்த நடுக்கட்டத் துடைப்புக்கு எது நல்லது என்று ஒவ்வொன்றாகப் போட்டும் பார்த்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் சொல்வது பாத்திரம் கழுவும் லிக்விட். கையில் இருப்பது, காசும் கம்மி. பழைய மெழுகைக் கொஞ்சம் இளக்கும், பாலிஷ் தூள் இடுக்குகளில் நிற்பதைக் கழுவிவிடும், அதோடு சரி. பாலிஷ் எண்ணெயை அது முழுதாக எடுப்பதில்லை. நம்ம ஊரில் இன்னொரு சிக்கல், தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி போர் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு எதுவும் இல்லாத வெறும் பெயிண்டில் அந்த உப்புத் தண்ணீர் காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை நிற்கும், அதை எடுக்கத் திரும்ப பாலிஷ் மெஷினைத்தான் கையில் எடுக்க வேண்டும். ஈரத்தை ஒற்றி எடுக்கும் துணியே புதுக் கோடு போட்டுவிடும், கண்ணாடி இடுக்கில் நின்ற தண்ணீர் நாம் சீலன்ட் பூசும் நேரம் பார்த்து வழியும். சோப்புக்கட்டியைக் கரைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அதில் கலந்திருக்கும் தாதுப்பொடி பாத்திரத்தைத் தேய்ப்பதற்கானது.

அடுத்தது ஐபிஏ, அதாவது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். கெமிக்கல் கடையில் 99 சதவீதம் என்று கேனில் கிடைக்கும். இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது, நான் அனுபவப்பட்டவன். சித்திரை மாதம், காலை பதினோரு மணி, பானெட் கை வைக்க முடியாத சூடு, நீர் கலக்காமல் அடித்தேன். துணி வைப்பதற்குள் ஆவியாகிப் போனது, துணி வழுக்காமல் இழுபட்டது, எண்ணெய் திட்டுத் திட்டாக அங்கேயே நின்றது, மேலே மெல்லிய புதுக் கோடுகள் வேறு. செறிவான ஆல்கஹால் சில க்ளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சை, இளக்கவும் செய்யும். இப்போது 200 மில்லி ஐபிஏவுக்கு 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலக்கிறேன், ஏறக்குறைய 20 சதவீதம் வரும். பேட்டரிக்கு ஊற்ற விற்கிற அதே தண்ணீர்தான், போர் தண்ணீர் கூடாது. காலை ஏழு மணிக்கு, நிழலில், கதவில் பாதி அளவு மட்டும் அடித்து ஒரு மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைப்பேன், உடனே காய்ந்த இன்னொரு துணி. துணியை நான்காக மடித்து, பக்கம் மாற்றிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் இங்கே எடுத்த எண்ணெயை அங்கே பூசிக்கொண்டிருப்போம். தீப்பிடிக்கும் சரக்கு, பக்கத்தில் ஊதுபத்தி கூட வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் மிச்சம் இருக்கிறதே என்று மச்சான் கேட்டார். கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், உலக சுகாதார நிறுவனம் தந்த கலவையிலேயே 1.45 சதவீதம் உண்டு. எண்ணெயை எடுக்கப் போய் கிளிசரினைப் பூசிவிட்டு வருவோம். மண்ணெண்ணெயும் பிசுக்கு விட்டுப் போகும். தின்னர் பக்கமே போகாதீர்கள், பட்டறையில் மறுபடி அடித்த பெயிண்டாக இருந்தால் நிறமே துணியில் வந்துவிடும்.

மூன்றாவது, இதற்கென்றே விற்கும் பேனல் வைப். கார்ப்ரோ எரேசர் மாதிரி. அரை லிட்டர் பாட்டில், நம் கலவையைவிடப் பல மடங்கு விலை. ஆனால் வித்தியாசம் துணியிலேயே தெரிகிறது. கரைப்பானோடு வழுக்கும் பொருளும் சேர்ந்திருப்பதால் துணி இழுபடாமல் ஓடும், உடனே காய்ந்து போகாது, எண்ணெய் ஊறிக் கரைய நேரம் கிடைக்கும். கருப்பு, அடர் நீலம், மென்மையான பெயிண்ட் என்றால் நான் காசு பார்க்காமல் இதைத்தான் எடுப்பேன். சீலன்ட்டைவிடக் கெட்டியாக, நீண்ட நாள் நிற்கும் செராமிக் கோட்டிங்குக்கும் இதுதான், அங்கே ஒரு திட்டு விட்டுப்போனால் சரிசெய்யத் திரும்ப பாலிஷ் போட்டாக வேண்டும். சில மாதங்களில் மறுபடி பூசப்போகிற சாதா சீலன்ட், வெள்ளை கார், ஐபிஏ கலவை தாராளமாகப் போதும்.

துடைக்காமலே பூசலாம் என்பதும் ஒரு கட்சி. மெழுகோ சீலன்ட்டோ கலந்தே வரும் பாலிஷ் போட்டிருந்தால் அது நியாயம், துடைத்தால் போட்டதே போய்விடும். மற்றபடி நான் ஏற்கமாட்டேன். பாலிஷ் முடிந்ததும் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறதே என்பார்கள், அது எண்ணெய் காட்டும் வேலை. துடைத்தபின் தெளித்துப் பாருங்கள், தண்ணீர் தட்டையாகப் படரும், அதுதான் வெறும் பெயிண்ட்.

எனக்குத் துடைப்பின் பெரிய லாபம் சீலன்ட் பிடிப்பது கூட இல்லை, உண்மை தெரிவதுதான். மச்சான் காரில் டிரைவர் பக்கக் கதவைத் துடைத்துவிட்டு எல்ஈடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். கைப்பிடிக்குக் கீழே, நகம் உரசும் இடத்தில், பத்துப் பன்னிரண்டு கோடுகள் வெளியே வந்தன. “இப்பதானே மாமா பாலிஷ் போட்டோம்?” என்றார். அந்த இடத்தில் மட்டும் இன்னொரு சுற்று மெஷின் ஓட்டினோம், திரும்பத் துடைத்தோம், டார்ச்சில் இரண்டு ஆழமான கோடுகள் மட்டும் நின்றன. அவற்றை அப்படியே விட்டோம், க்ளியர் கோட்டைத் தேய்த்துத் தீர்ப்பதைவிட அது மேல்.

ஒரு விஷயம், துடைத்த அன்றே சீலன்ட் பூசிவிடுங்கள். எங்கள் தெரு வழியாக கிரானைட் லாரி போகும், ராத்திரி நிறுத்தினால் காலையில் தூள் படிந்திருக்கும், அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் பாலிஷ் போட்ட உழைப்பு அத்தனையும் வீண். மாமரத்தடியும் வேண்டாம், பூ விடும் பருவத்தில் தத்துப்பூச்சி சொரியும் பிசுபிசுப்பு ஒரு மணி நேரத்தில் பானெட் முழுக்கப் புள்ளி வைத்துவிடும். பட்டறையில் புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனல் இருந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பூசுங்கள், குறைந்தது ஒரு மாதம் காயட்டும், பெயிண்ட் அடித்தவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.