முழுநேர மதரஸாவா, பள்ளிப்படிப்பும் சேர்ந்த மதரஸாவா?

மகன் ஹிஃப்ழு (குர்ஆன் மனனம்) முடித்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். ஏழெட்டு வருடம் கிதாபுகளை (மார்க்க நூல்களை) மட்டும் ஓதி ஆலிம் ஸனது (மார்க்க அறிஞர் பட்டம்) வாங்கும் முழுநேர மதரஸாவா, பள்ளிப் பாடத்தையும் சேர்த்து நடத்தும் மதரஸாவா? இரண்டாவதில்தான் சேர்த்தோம். மூன்று வருடம் ஆகிறது. என் பேச்சு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

தொழுகை, ஒழுக்கம், விடுதிக் கட்டுப்பாடு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அரபியின் ஆழத்தில் முழுநேர மதரஸாதான் மேல்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. பாதியில் வெளியே வந்தால் பையன் கையில் என்ன இருக்கும்? பதினைந்து வயதில் "எனக்கு இது ஓடவில்லை" என்றால், முழுநேர மதரஸாவிலிருந்து வருபவனிடம் ஸனதும் இல்லை, பள்ளிச் சான்றிதழும் இல்லை. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். அதற்கு வெட்கப்பட்டே மனமில்லாமல் ஓதி முடிப்பவர்களும் உண்டு. அப்படி ஒருவர் இமாமாக வந்தால் அவருக்கும் சுமை, மஹல்லாவுக்கும் (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர் மக்களுக்கும்) சுமை. பள்ளிப்படிப்பும் சேர்ந்த மதரஸாவில் பையனுக்குத் திரும்ப ஒரு வழி இருக்கிறது. வழி இருப்பதால்தானோ என்னவோ, என் மகன் போகிறேன் என்று இதுவரை சொல்லவில்லை.

"முன்னோர் வழியைக் கெடுக்கிறீர்கள்" என்றார் மாமனார். எந்த முன்னோர்? 18ஆம் நூற்றாண்டில் லக்னோ ஃபிரங்கி மஹலில் முல்லா நிஸாமுத்தீன் வகுத்த தர்ஸே நிஸாமி என்ற மதரஸா பாடத்திட்டத்தில் தர்க்கமும் தத்துவமும் கணிதமும் இருந்தன. ஓதியவர்கள் காஜியாகவும் (நீதிபதியாகவும்) அரசு அலுவலராகவும் போனார்கள். 1866இல் தொடங்கிய தேவ்பந்த் மதரஸா அதே பாடத்திட்டத்தை எடுத்து ஹதீஸுக்குக் (நபிமொழிக்குக்) கூடுதல் இடம் கொடுத்தது. எகிப்தின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் 1961 சட்டத்துக்குப் பிறகு மருத்துவமும் பொறியியலும் வந்தன. மாறாமல் இருந்தது எது? மாமனார் பதில் சொல்லவில்லை, தேநீரை முடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். நேரம்தான் குறை. விடுமுறையில் வரும்போது பார்க்கிறேன்: மடியில் ஸர்ஃபு (அரபிச் சொல்லிலக்கணம்) கிதாபு, அதன் மேலேயே அல்ஜீப்ரா நோட்டு. "நஸர, நஸரா, நஸரூ" என்று ஓதிக்கொண்டே ஒரு சமன்பாட்டைப் போடுகிறான், இரண்டிலும் தப்பு. முழுநேரப் பிள்ளைகளுக்கு இரவில் கூடி உட்கார்ந்து தக்ரார் (பாடத்தைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது) செய்ய நேரம் இருக்கிறது. இவனுக்கு அது வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். கணக்கு வாத்தியாரும் வருடத்துக்கு ஒருவர் மாறுகிறார்.

கடைசி வருடத்தில் புகாரி என்ற ஹதீஸ் நூலை ஓதும்போது இந்த அரபி தாங்குமா என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. உஸ்தாதிடம் (மதரஸா ஆசிரியரிடம்) கேட்டேன். "இந்த லீவில் ஸர்ஃபை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், கணக்கு வேண்டாம்" என்றார். இப்போது அல்ஜீப்ரா நோட்டு என் அலமாரியில் இருக்கிறது.