லாக்ஸா, போர்டிகோவா? மின்னிதழ்களைக் காக்க இரு வழிகள்

அச்சு இதழுக்குச் சந்தாவை நிறுத்தினாலும் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் அப்படியில்லை, பணம் கட்டாத வருடம் பழையதும் சேர்ந்தே போய்விடலாம். நைரோபியோ டாக்காவோ, நிதி குறைந்த பல்கலைக்கழக நூலகங்களுக்கு இது பெரிய கவலை.

1999இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லாக்ஸ் முறையில் பிரதி நூலகத்தின் சொந்தக் கணினியிலேயே இருக்கும். பதிப்பாளர் அனுமதித்த இதழ்களை அது இறக்கிவைத்துக்கொள்ளும். அப்புறம் மற்ற நூலகங்களின் பிரதிகளோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு கோப்பு கெட்டிருந்தால் பதிப்பாளரிடமோ சக நூலகத்திடமோ நல்ல பிரதியைப் பெற்றுத் தானே சரிசெய்துகொள்ளும். மென்பொருள் திறந்த மூலம்தான், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் சர்வர், நிலையான மின்சாரம், கவனிக்க ஓர் ஆள், மூன்றும் வேண்டும்.

2005இல் வந்த போர்டிகோ என்னும் மின்காப்பகச் சேவையில் இந்தப் பாடு கிடையாது. பதிப்பாளர் தரும் மூலக் கோப்புகளை அவர்களே மையத்தில் வைத்துக் காப்பார்கள். நூலகம் ஆண்டுக் கட்டணம் கட்டினால் போதும். பொதுவாக, இதழ் வேறெங்கும் கிடைக்காமல் போனால்தான் அதைப் படிக்கக் கதவு திறக்கும். சந்தா நின்றவர்களுக்குத் திறக்கப் பதிப்பாளர் தனியே சம்மதித்திருக்க வேண்டும்.

கணினித் துறையின் துணை இருந்தால் லாக்ஸையே தேர்ந்தெடுப்பேன். பிரதி நம் கையில் இருப்பது பெரிய பலம். இல்லையென்றால் போர்டிகோ.

பல்கலைக்கழகமே நடத்தும் இதழை மட்டும் மறந்துவிட வேண்டாம். வெளிநாட்டுப் பதிப்பாளர் யாரும் அதைக் காக்கப்போவதில்லை. ஓஜேஎஸ் என்னும் இதழ் வெளியீட்டு மென்பொருளில் நடக்கும் இதழுக்கு, அதை உருவாக்கிய பிகேபி அமைப்பின் லாக்ஸ் அடிப்படையிலான பாதுகாப்பு வலையமைப்பு இலவசம். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் வாங்கி, அதன் ஒரு வெளியீட்டையாவது கொண்டுவந்து, இதற்கான செருகுநிரலை (பிளகின்) ஓஜேஎஸ்ஸில் இயக்கி நிபந்தனைகளை ஏற்க வேண்டும்.