லினக்ஸில் வைஃபை கார்டு: நீண்ட நாள் ஓடும் டிரைவர் எது?

வைஃபை பிடிக்கவில்லை என்றால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரை வைத்து டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேட வேண்டாம். ஒரே பெயருக்குள் வேறு வேறு சிப் இருக்கும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதல் பதிப்பில் இருப்பது அத்தெரோஸ் ஏஆர்9271, இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். இரண்டுக்கும் டிரைவர் வேறு.

தேட வேண்டியது சிப்பின் அடையாள எண்ணை. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்கே' தெரிவுகளோடு கொடுங்கள் (யுஎஸ்பி அடாப்டருக்கு எல்எஸ்யுஎஸ்பி). 8086:2723 என்பது போல ஓர் எண்சோடி வரும். 8086 என்றால் இன்டெல், 2723 என்றால் ஏஎக்ஸ்200. எல்எஸ்பிசிஐ காட்டும் பட்டியலில் அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லாவிட்டால் எந்த டிரைவரும் அந்தக் கார்டைப் பிடிக்கவில்லை. ஏஎக்ஸ்200க்குக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

டிரைவர் வரி இருந்தும் வைஃபை வரவில்லையா? கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) ஏற்றம் 'எரர் -2' என்று தோற்றிருந்தால் கோப்பு இல்லை என்று பொருள். அப்போது டிரைவரை மாற்றிப் பயனில்லை, ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவினால் போதும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் இது நிறுவல் வட்டிலேயே இருக்கிறது. பழைய பதிப்பு என்றால் ஃபோனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து இறக்கிக்கொள்ளலாம். அதற்கான டிரைவர் பெரும்பாலும் கெர்னலோடே வருகிறது.

பல வருஷப் பயன்பாட்டில் உண்மையாகப் பொறுமையைச் சோதிப்பது கெர்னலுக்கு வெளியே இருந்து டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி கட்டும் கருவி) மூலம் கட்டும் டிரைவர்தான். நிறுவிய அன்று அருமையாக ஓடும். அடுத்த கெர்னல் அப்டேட்டில் அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கம்பைலுக்குத் தேவையான கோப்புகள் அடங்கிய, அந்தக் கெர்னலுக்குப் பொருத்தமான லினக்ஸ்-ஹெடர்ஸ் தொகுப்பு இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஹெடர்ஸ் இருந்தாலும், கெர்னலின் உள் ஃபங்ஷன்கள் மாறியிருந்தால் பிழையோடு முடியும். கம்பைல் ஆனபின்னும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஓடிக்கொண்டிருந்தால் கையொப்பமில்லாத டிரைவர் மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. மோக்யூடில் கருவி மூலம் கையொப்பச் சாவியைப் பதிந்து, ரீபூட் செய்ததும் வரும் நீலத் திரையில் அதை உறுதிப்படுத்த வேண்டும். பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருங்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்து உள்ளே போனால் இணையம் திரும்பக் கிடைக்கும்.

ரியல்டெக் 8821சிஇ போன்ற சிப்புகளுக்கு இப்போது கெர்னலிலேயே ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் இருக்கிறது. முன்பு நிறுவிய டிகேஎம்எஸ் டிரைவரைத் தயங்காமல் நீக்கிவிடலாம். இரண்டும் இருந்தால் ஒரே கார்டுக்கு மோதும். பிராட்காம் பிசிஎம்4360க்கோ இன்னும் 'டபிள்யூஎல்' என்ற மூடிய (மூலநிரல் வெளியிடாத) டிரைவரைத்தான் நம்ப வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் அந்தச் சிப்பைத் தவிர்ப்பதே நல்லது.

இணைப்பு நின்று நின்று வந்தால் டிரைவரை மாற்றுமுன் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் கனெக்‌ஷன் பகுதியில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 2 ஆக்கி, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 3 என்றால் சேமிப்பு ஓடும், 2 என்றால் நிற்கும்.