செட்டிங் தேட 3டி சர்ஃபேஸா, கான்டூரா?

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பக்கத்து பிளாஸ்டிக் மோல்டிங் ஆலைகளில் புது மோல்டு (வார்ப்பு அச்சு) மெஷினில் ஏறியதும் வரும் கேள்வி, வெப்பத்தையும் அழுத்தத்தையும் எங்கே வைப்பது என்பதுதான். சோதனை ஓட்டங்களை முடித்து மினிடாப் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் 3டி சர்ஃபேஸ் (முப்பரிமாணப் பரப்புப் படம்), கான்டூர் (சம மதிப்புக் கோடுகளின் தட்டைப் படம்) இரண்டுமே கிடைக்கும். இரண்டும் சோதனை முடிவுகளுக்குப் பொருத்திய ஒரே சமன்பாட்டின் படங்கள்தான். பயன் மட்டும் வேறு.

பரப்பின் வடிவத்தைப் புரிந்துகொள்ள 3டிக்கு ஈடில்லை. கிண்ணமா, குதிரைச் சேணமா, நீண்ட மேடா என்று பார்த்ததும் தெரியும். சேணம் என்றால் நடுப்புள்ளியில் உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே செட்டிங் வைப்பது தவறு. நீண்ட மேடு என்றால் அதன் நெடுகே எங்கு வைத்தாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். சைக்கிள் நேரம் குறைகிற பக்கம் நகர்ந்துகொள்ளலாம்.

எண்ணைப் படிக்கவோ 3டி உதவாது. கோணத்தைத் திருப்பினால் முன்மேடு பின்பள்ளத்தை மறைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு பாகம், உருகிய பிளாஸ்டிக்கின் வெப்பம் 220–250 டிகிரி (x₁), பேக்கிங் அழுத்தம் (மோல்டு நிரம்பிய பின் அழுத்திப் பிடிப்பது) 40–60 மெகாபாஸ்கல் (x₂), இரண்டும் −1 (தாழ் எல்லை) முதல் +1 (உயர் எல்லை) வரையான அளவில். பாகத்தின் வளைவு (மி.மீ.) = 0.30 + 0.04x₁ − 0.06x₂ + 0.08x₁² + 0.05x₂² என்று வந்தால், மிகக் குறைந்த வளைவு x₁ = −0.25, x₂ = 0.6 என்ற இடத்தில். அதாவது சுமார் 231 டிகிரி, 56 மெகாபாஸ்கல், வளைவு 0.28 மி.மீ. கான்டூரில் இது உள்வட்டத்தின் நடுவாகத் தெரியும், அச்சில் நேராகப் படிக்கலாம். 3டியில் "கிண்ணத்தின் அடி, அந்தப் பக்கம் எங்கோ" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

அதே 56 மெகாபாஸ்கலில் விளிம்பில் பிளாஷ் (மோல்டு இடுக்கில் பிதுங்கும் பிளாஸ்டிக்) கசிந்தால்? அங்கேதான் கான்டூர் முழுதாக ஜெயிக்கிறது. வளைவு, பிளாஷ், எடை மூன்றின் எல்லைக்கோடுகளையும் ஒரே படத்தில் அடுக்கினால் மிஞ்சும் வெள்ளைப் பகுதியே வேலை செய்யும் இடம். செட்டிங்கை அதன் ஓரத்தில் வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். நைட் ஷிஃப்டில் மெஷின் சற்று விலகினாலும் பாகம் தப்பும். மூன்று பரப்புகளை 3டியில் அடுக்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இரண்டையும் பிடிக்கும் நோய்களும் உண்டு. மூன்றாவது காரணி, எடுத்துக்காட்டாகப் பேக்கிங் நேரம், ஏதோ ஒரு மதிப்பில் நிறுத்தப்பட்டே படம் வரையப்படுகிறது. தாழ், நடு, உயர் என மூன்று மதிப்பிலும் வரைந்து பாருங்கள். காரணிகளுக்கிடையே ஊடாட்டம் இருந்தால் பள்ளம் இடம் மாறும். பாக்ஸ்–பென்கன் என்ற சோதனைத் திட்டத்தில் மூன்று காரணிக்கு வழக்கமாக 15 ஓட்டம். ஆனால் மூன்று காரணிகளின் எல்லைகள் அமைக்கும் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஒரு ஓட்டம்கூடக் கிடையாது. படமோ மூலைவரை வழவழப்பாக நீளும். மூலையில் தெரியும் "சிறந்த இடம்" வெறும் ஊகம். சமன்பாடு தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் லேக்-ஆஃப்-ஃபிட் சோதனையின் பி மதிப்பு 0.05க்குக் கீழே போனால் இரண்டு படங்களையும் ஒதுக்கிவிட்டுச் சமன்பாட்டைத் திருத்துங்கள்.

எங்கள் பரிந்துரை: மேலாளர் கூட்டத்துக்கு 3டி, செட்டிங் ஷீட்டுக்கு அடுக்கிய கான்டூர். தேர்ந்த இடத்தில் உறுதி ஓட்டம் கட்டாயம். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் ஏபிஎஸ் குருணையை 80 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம் உலர்த்தாமல் ஓட்டினால் பாகத்தில் வெள்ளிக்கோடு விழும், பழியோ செட்டிங்மேல் போகும். உலர்த்தி, பேரல் வெப்பம் நிலைத்த பிறகு பாகங்களை அளந்து, மினிடாப் தரும் கணிப்பு இடைவெளிக்குள் (புதுப் பாகத்தின் அளவு விழ வேண்டிய வரம்பு) அவை விழுகின்றனவா என்று பார்த்த பிறகே எண்ணை ஷீட்டில் எழுதுங்கள்.